பதில்: "லுக்கிங் கிளாஸ் செல்ஃப்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம். சமூகவியல் பாடத்தில் வரும் 'லுக்கிங் கிளாஸ் செல்ஃப்' (looking-glass self), அதாவது மற்றவர் தன்னை எப்படிப் பார்ப்பார் என்று எண்ணுவதிலிருந்து ஒருவருக்குத் தன்னைப் பற்றி எழும் உணர்வு, அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிற இழை இது.

> கண்ணாடிச் சுயம் என்றே வைத்துக்கொள்வோமே. மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

விளங்கும்தான் சேர், ஆனால் வேறொன்றாக விளங்கும். எங்கள் பக்கம் கண்ணாடி என்றால் முதலில் மூக்குக்கண்ணாடி, அடுத்தது யன்னல் கண்ணாடி. மற்றதை 'முகம் பார்க்கிற கண்ணாடி' என்று முழுதாகத்தான் சொல்வோம். 'கண்ணாடிச் சுயம்' என்று கரும்பலகையில் எழுதினால், தொட்டால் உடைகிற மனம் என்று பாதி வகுப்பு குறிப்பெடுத்துவிடும். 'சுயம்' என்ற சொல்லோடு எனக்குப் பகையில்லை. ஆனால் சுயதொழில், சுயஉதவிக் குழு என்று திட்ட அறிக்கைகளில் ஓடி ஓடி அது தேய்ந்துபோய்க் கிடக்கிறது.

> அப்படியென்றால் ஆடித் தன்னுரு?

தங்கச்சி, 'தன்னுரு' நன்றாக இருக்கிறது, அதை விடவேண்டாம். 'ஆடி' முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பழைய சொல்தான். ஆனால் கிளிநொச்சியில் ஒரு பிள்ளைக்கு அது ஆடிக்கூழும் ஆடி அமாவாசையும்.

சொல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொருளைப் பார்ப்போம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் ஹோர்ட்டன் கூலி 1902இல் சொன்னது இதுதான்: மற்றவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று எண்ணிப்பார்க்கிறேன். அப்படித் தெரிகிற என்னைப் பற்றி அவர் என்ன முடிவுக்கு வருவார் என்றும் எண்ணிப்பார்க்கிறேன். அதிலிருந்து எனக்குள் பெருமிதமோ கூச்சமோ எழுகிறது. முதல் இரண்டும் முழுக்க என் எண்ணம். அவர் உண்மையில் என்ன நினைத்தார் என்ற கேள்வி இதற்குள் வரவேயில்லை. முகம் பார்க்கிற கண்ணாடியோ முன்னால் இருப்பதைத்தான் காட்டும். கூலியின் உவமை அவருடைய கருத்தில் பாதியை மறைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கண்டாவளைப் பக்கம் காசுக்கு லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) ஓடுகிற ஒரு அக்காவை எனக்குத் தெரியும். தொடங்கிய புதிதில் ஒரு காலபோகம் (மாரிகால நெல் விதைப்புக் காலம்) முழுக்க உழவு முடித்து, இருட்டின பிறகுதான் றோட்டுக்கு ஏறுவாராம். "கடைவாசல்லை நிக்கிற ஆக்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கினம் எண்டு நினைச்சன். பிறகு பார்த்தா, அவை உழவுக்கு நாள் கேக்கத்தான் நிண்டவை." அந்தச் சிரிப்பு நடக்கவேயில்லை. அதனால் வந்த கூச்சம் மட்டும் போகம் முடியும்வரை அவரோடு வயலுக்குப் போய்வந்தது. இப்போது அதே கடைவாசலில் லான்ட்மாஸ்டரை நிறுத்திவைத்துத் தேத்தண்ணி குடிக்கிறார்.

இதன் மறுபக்கமும் இங்கே உண்டு. 2009இல் போர் முடிந்த பிறகு வந்த படிவங்கள் எங்கள் சனத்துக்குப் பல பெயர்களை வைத்தன: இடம்பெயர்ந்தோர், மீள்குடியேறியோர், பெண் தலைமைத்துவக் குடும்பம். வெளியிலிருந்து வருகிறவர் "நீங்கள் யார்?" என்று கேட்டால், சில பெண்கள் தங்கள் பெயருக்கு முதலே "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் தங்களை எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று முன்கூட்டியே எண்ணி, அதற்கேற்றபடி தங்களை எடுத்து வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஆகவே எண்ணம் இல்லாத எந்தச் சொல்லும் இதற்குப் போதாது. என் முன்மொழிவு: எண்ணாடித் தன்னுரு. எண்ணும் ஆடியும் சேர்ந்தால் எண்ணாடி. கண்ணாடியின் ஓசையும் கெடவில்லை. எண் என்றால் இலக்கமும்தானே என்று கட்டாயம் ஒருவர் எழுதுவார். எழுதட்டும். 'உளவளத்துணை'யும் (கவுன்சிலிங்) ஒட்டிச் செய்த நீளமான சொல்தான். இன்று பிரதேச செயலகத்தில் அந்தப் பெயரிலேயே உத்தியோகத்தர் இருக்கிறார். வாயில் நுழைகிறதா என்பதைப் புழக்கம் பார்த்துக்கொள்ளும்.

> ஜோர்ஜ் ஹெர்பர்ட் மீட் சொல்லும் 'ஜெனரலைஸ்ட் அதர்' என்பதையும் இதோடு சேர்த்து முடிவு செய்யலாமா?

செய்யலாம், அது சுலபம். ஒருவர் தனக்குள் வைத்திருக்கும் ஒட்டுமொத்தச் சமூகத்தின் பார்வையைத்தான் அமெரிக்க மெய்யியலாளர் மீட் அப்படிச் சொன்னார். அதற்கு அவர் பேஸ்பால் ஆட்டத்தை உதாரணம் காட்டினார்; நாங்கள், கோடுகளில் நின்று எதிரணியை மறிக்கிற கிளித்தட்டைக் காட்டலாம். குறுக்குக் கோட்டில் நின்று மறிக்கிற பிள்ளை தன் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால் ஆட்டம் போய்விடும். கிளி (மறிக்கிற அணியில் கோடுகளில் ஓடித் திரிகிறவர்) நடுக்கோட்டில் எப்போது வரும், அடுத்த கோட்டுக்காரன் எந்தப் பக்கம் பாய்வான், எதிராளி யாரை ஏய்க்கப் பார்க்கிறான் என்று அத்தனை பேரின் நிலையும் அதன் தலைக்குள் இருக்கவேண்டும். தனித்தனி ஆளாக இல்லாமல் ஒரே ஆட்டமாக இருக்கவேண்டும். அப்படி உள்ளே குடிவந்த எல்லோரையும்தான் "நாலு பேர் என்ன சொல்லுவினம்" என்று அம்மா சொல்கிறார். பாடநூலுக்குப் 'பொதுப்பிறர்' போதும். விளக்கத்தில் நாலு பேர் வரட்டும். 'ஊர்க்கண்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் இங்கே கேட்பவர் உடனே நாவூறு கழிக்க மிளகாய் தேடுவார்.

மீட் பிரித்துக் காட்டும் 'ஐ' (தானாகச் செயற்படுகிற நான்), 'மீ' (மற்றவர் பார்வையை உள்வாங்கிய நான்) இரண்டையும் இந்த இழையில் தொடவேண்டாம். நான், என்னை என்று வேற்றுமை உருபை வைத்தே பிரித்துவிடலாம் என்பது என் யோசனை. கூலியும் தன் குழந்தை 'நான்', 'என்' போன்ற சொற்களைப் பழகுவதைக் கவனித்து 1908இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தமிழ்க் குழந்தைகளோ 'நான்' சொல்லப் பழகுமுன் "பாப்பாக்குப் பசிக்குது" என்று தங்களைப் படர்க்கையில் வைத்துக் கதைக்கின்றன. வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறவர்கள் கேட்டுப்பார்த்து அடுத்த இழையில் எழுதுங்கள்.