மீதரவு அறுவடையா, எடுப்பா, திரட்டலா?

எழுதியவர்: மொழியாக்க ஒருங்கிணைப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

எண்ணிம நூலக மென்பொருளின் தமிழாக்கம் முடியும் தறுவாயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மொழிக்கோப்பை அனுப்பியாக வேண்டும். அடுத்த வாரம் மாவட்ட நூலகர்களுக்கு நடக்கும் பயிற்சியில் இதே பதிப்பைத்தான் திரையில் காட்டப்போகிறார்கள். ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது: 'மெட்டாடேட்டா ஹார்வெஸ்டிங்'. மெனுவில் வருகிறது, பொத்தானில் வருகிறது, பிழைச்செய்தியிலும் வருகிறது. தள்ளிப்போட வழியில்லை.

குழுவுக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நூலகத்தின் சேவையகம் தன்னிடமுள்ள நூல்களின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் முதலிய விவரங்களை (இவைதாம் மெட்டாடேட்டா) பிறர் கேட்கும்போது தருகிறது. விவரங்களை மட்டுமே தருகிறது, நூலின் பக்கங்களை அல்ல. இன்னொரு சேவையகம் அவ்வப்போது வந்து அந்த விவரங்களைப் படியெடுத்துப் போய், பல நூலகங்களையும் ஒரே தேடுபெட்டியின் கீழ்க் கொண்டுவருகிறது. இதற்கான நெறிமுறைதான் ஓஏஐ-பிஎம்எச். 1999 அக்டோபரில் சாந்தா ஃபே நகரில் கூடியவர்கள் இதற்கு வித்திட்டார்கள். 2001இல் முதற்பதிப்பு வந்தது. 2002இல் வந்த இரண்டாம் பதிப்புதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இப்போதைக்கு 'மீத்தரவு அறுவடை' என்று போட்டு வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, வணக்கம்.

மனம் ஒப்பாமல் போக அறுவடையில் என்ன குறை? தூய தமிழ்ச்சொல். எழுத்தறியாதவருக்கும் விளங்கும். 'அறு' என்றதும் இழப்பு நினைவுக்கு வருகிறது என்றால், அந்தப் பகுதியின் மற்றப் பிள்ளைகளையும் பாருங்கள். அறுவை என்றால் ஆடை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். துணி என்ற சொல்லே துணித்தலிலிருந்து வந்தது. துண்டும் அப்படியே. தறியிலிருந்து அறுத்தெடுத்த பிறகுதான் அது உடுக்கும் பொருளாகிறது. தமிழ் மனத்தில் அறுத்தல் என்பது பயன்படு பொருளாக்குதல். நூலகத்தின் தறியில் கிடக்கும் விவரத்தை அறுத்தெடுத்து வாசகனுக்கு ஆடையாக்குகிறீர்கள். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

தரவு என்பதும் ஆழமான சொல். கலிப்பாவின் உறுப்புகளில் முதலில் நிற்பது தரவு. தாழிசையும் தனிச்சொல்லும் சுரிதகமும் அதன் பின்னால்தான் வருகின்றன. தருவதால் தரவு. பாட்டுக்கு வேண்டிய பொருளைத் தந்து தொடங்கிவைப்பது அது. ஆங்கிலத்து டேட்டாவுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் 'தரப்பட்டது' என்றே பொருள். இந்த ஒற்றுமை தற்செயலாக இருந்தாலும் போற்றத்தக்கது.

மீத்தரவா, மீதரவா என்று முன்பொருமுறை இங்கே சண்டை நடந்தது. நன்னூல் உயிரீற்றுப் புணரியலில் 'மீ' என்பதற்குத் தனி விதியே இருக்கிறது. அல்வழியில் இயல்பாகவும் நிற்கும், வல்லினம் மிகவும் செய்யும், மெல்லினமும் மிகும். மீகண், மீக்கூற்று, மீந்தோல். ஆகவே மீதரவு, மீத்தரவு, மீந்தரவு மூன்றும் இலக்கணத்துக்கு உடன்பாடே. மூன்றாவதை எவரும் எடுத்தாளாதது எனக்கு வருத்தம்.

---

எழுதியவர்: நிரலர், கோவில்பட்டி

> மூன்றும் இலக்கணத்துக்கு உடன்பாடே

ஐயா, இலக்கணம் மூன்றையும் ஏற்கலாம். தேடுபொறி ஏற்காது. தயவுசெய்து ஒன்றைப் பிடித்துக்கொள்வோம்.

இது எழுத்துக்கூட்டலில் விடாப்பிடி அல்ல. சென்ற மாதம் இரண்டு நூலகங்களின் பட்டியல்களை இணைத்தபோது, 'கொ' என்று தொடங்கும் தலைப்புகள் எல்லாம் இரட்டையாக வந்து நின்றன. திரையில் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. உள்ளே பார்த்தால் ஒரு நூலகம் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்திருந்தது. மற்றது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடித்திருந்தது. யூனிகோடு இவ்விரண்டையும் சமம் என்றே வைத்திருக்கிறது. நாம்தான் உள்ளே வாங்கும்போது ஒருமைப்படுத்தாமல் விட்டிருந்தோம். அதைச் சரிசெய்தேன். அப்படியும் 'ஸ்ரீ' அகப்படவில்லை. பழைய கோப்புகளில் அது ஸகரத்தில் தொடங்குகிறது. 2005இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்த பின் வந்த கோப்புகளில் ஶகரத்தில் தொடங்குகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆனால் இவை இரண்டும் சமம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதற்குத் தனி நிரல் எழுத வேண்டியிருந்தது. இவ்வளவு பட்ட பிறகு, ஒரே கலைச்சொல்லுக்கு மூன்று வடிவம் என்று கேட்கவே வயிறு கலங்குகிறது.

இனி அறுவடைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எந்தப் பயிருக்கும் 'ஹார்வெஸ்ட்' என்ற ஒரே வினை போதும். எங்கள் ஊரில் அப்படி எவரும் பேசுவதில்லை. நெல்லை அறுக்கிறோம். கடலையைப் பிடுங்குகிறோம். மஞ்சளையும் கரும்பையும் வெட்டுகிறோம். தூத்துக்குடிப் பாத்தியில் உப்பை வாருகிறார்கள். தேயிலைக் கொழுந்தைப் பறிக்கிறார்கள். பருத்தியை எடுக்கிறோம். பருத்தி அறுவடை என்று எங்கள் அம்மாவிடம் சொன்னால் செடியை வெட்டவா என்று கேட்பார். ஆகவே எந்தப் பயிரின் வினை இந்த வேலைக்குப் பொருந்தும் என்பதே கேள்வி.

நெறிமுறை என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் தடவை எல்லாப் பதிவுகளையும் கேட்கும். அடுத்த தடவை 'இந்தத் தேதிக்குப் பிறகு மாறியவை மட்டும்' என்று கேட்கும். மூலம் அப்படியே இருக்கும். அதில் ஒரு பதிவை நீக்கினால், நீக்கினேன் என்ற செய்தியும் அடுத்த சுற்றில் வந்து சேர வழி உண்டு, வாங்கியவரும் தம் படியை நீக்கலாம். அறுத்த வயலோடு இப்படி ஓர் உறவு தொடருமா? பருத்திதான் வெடிக்க வெடிக்க முதல் எடுப்பு, இரண்டாம் எடுப்பு, மூன்றாம் எடுப்பு என்று வரும், செடி நிற்கும். 'மீதரவு எடுப்பு' என்று வையுங்கள். பகுதிப்பகுதியாக எடுப்பதற்கும் அந்தச் சொல்லே இடம் கொடுக்கும்.

---

எழுதியவர்: கல்லூரி நூலகர், மதுரை

எல்லாருக்கும் வணக்கம். வகுப்பறையில் நிற்பவளாகச் சொல்கிறேன். மெட்டாடேட்டா ஹார்வெஸ்டிங் என்று தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள்.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் ஆங்கிலத்தில்தான் எழுதினார். அன்று தொடங்கி இந்தத் துறை இங்கே ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகிறது. என் மாணவிகள் தேர்வு எழுதுவதும் ஆங்கிலத்தில். நூல் விவரங்களை எழுதுவதற்கான 'டப்ளின் கோர்' வரையறையின் 15 கூறுகளையும் ஆங்கிலப் பெயரோடு ஒப்பிப்பவர்களிடம் திரையில் 'எடுப்பு' என்று காட்டினால், எதை எடுக்க வேண்டும் என்று கை தூக்குவார்கள். விளங்காத தூய்மையால் யாருக்குப் பயன்?

ஆனால் அறுவடை வேண்டாம் என்பதில் நிரலர் தம்பியோடு நானும் நிற்கிறேன். அதற்கு என் காரணம் வேறு. ஒரு சிறிய ஊரில் பழைய இதழ்களைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் தனியார் நூலகம் ஒன்றுக்குப் பொதுப் பட்டியலில் சேரும்படி கடிதம் போனது. அதில் 'தங்கள் தரவு எங்களால் அறுவடை செய்யப்படும்' என்று ஒரு வரி. குழுத் தலைவர் பெரியவர், விவசாயி. 'நாங்கள் விதைத்து நாங்கள் தண்ணீர் பாய்ச்சினோம், அறுப்பது மட்டும் அவர்களா?' என்று கேட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். தலைப்பு விவரம் மட்டும்தான் போகிறது, நூல் உங்களிடமே இருக்கும் என்று பிறகு போய் எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். அந்த நூலகம் இன்றுவரை பட்டியலில் சேரவில்லை. அங்கே இருக்கும் இதழ்கள் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு வினைச்சொல் இவ்வளவு கேடு செய்யும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

---

எழுதியவர்: தமிழாசிரியர், தஞ்சாவூர்

அந்தப் பெரியவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குற்றம் சொல்லினுடையது அன்று, செயப்பாட்டு வினையில் எழுதிய கடிதத்தினுடையது.

அம்மையாரின் முதற்கருத்தை என்னால் ஏற்க முடியாது. தேர்வு ஆங்கிலத்தில் இருப்பதால் திரையும் ஆங்கிலமாக இருக்கட்டும் என்றால், திரை ஆங்கிலமாக இருப்பதால் தேர்வும் அப்படியே இருக்கட்டும் என்று நாளை சொல்வார்கள். வடசொல்லைக்கூட வடவெழுத்தை நீக்கிவிட்டு உள்ளே வா என்றார் தொல்காப்பியர். இந்த 'ஹார்வெஸ்டிங்' தமிழ் எழுத்தில் நின்றாலும் வெளியேதான் நிற்கிறது.

எடுப்பு பற்றி ஒரு சொல். தமிழிசையில் பல்லவியை எடுப்பு என்பார்கள். அடுத்தது தொடுப்பு, பிறகு முடிப்பு. கலிப்பாவுக்குத் தரவு தொடக்கம், இசைப்பாட்டுக்கு எடுப்பு தொடக்கம். 'தரவு எடுப்பு' என்றால் இரண்டு தொடக்கங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. தரவுக்கு எருத்து என்ற மறுபெயரும் உண்டு. எருத்து என்றால் பிடரி. அங்கிருந்து ஏர், எருது என்று போனால் மறுபடி உழவுக்கே வந்து சேரலாமோ என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.

---

எழுதியவர்: ஆவணப்படுத்துநர், யாழ்ப்பாணம்

வணக்கம். தாமதமாக நுழைவதற்கு மன்னிக்கவும். இங்கே எங்கள் வழக்கில் மீதரவு என்றே எழுதி வருகிறோம், ஒற்று இல்லாமல். அதில் இனிச் சண்டை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

'திரட்டு' என்ற சொல்லை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை என்று எனக்கு ஆச்சரியம். வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில், 2004இல் பல பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் தளம் வந்தபோதே 'திரட்டி' என்ற சொல் எல்லாருக்கும் பழகிவிட்டது. பதிவு எழுதியவரின் தளத்திலேயே இருக்கும், தலைப்பும் சில வரிகளும் மட்டும் திரட்டிக்குப் போகும். நீங்கள் சொல்லும் வேலையும் அதுவேதான். எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்று அன்று எந்தப் பதிவரும் சொல்லவில்லை. தங்கள் பதிவு திரட்டியில் வரவில்லையே என்றுதான் குறைப்பட்டார்கள்.

இன்னும் பின்னே போனால் புறத்திரட்டு. யாரோ ஒருவர் பல நூல்களிலிருந்து பாடல்களை எடுத்துப் பொருள்வாரியாக அடுக்கினார். எந்தப் பாடல் எந்த நூலுக்கு உரியது என்ற குறிப்பையும் கூடவே வைத்தார். முத்தொள்ளாயிரம் முழுதாகக் கிடைக்கவில்லை. இன்று கையில் இருக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்கள் நமக்குக் கிடைத்தது அந்தத் திரட்டால்தான். தகடூர் யாத்திரையின் பாடல்கள் சிலவும் அங்கேதான் தங்கின. திரட்டியவர் நூற்பெயரை எழுதாமல் விட்டிருந்தால், அவற்றை எந்த நூலோடு சேர்ப்பது என்று தெரியாமல் நின்றிருப்போம். எங்கிருந்து வந்தது என்ற குறிப்பை ஒவ்வொரு பதிவோடும் சேர்த்து அனுப்ப இந்த நெறிமுறையிலும் இடம் இருக்கிறது. அது கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

1981இல் நூலகம் எரிந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. விவரங்கள் வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு வசதி சார்ந்த விடயம் அல்ல. கொடுப்பவர் மனம் கோணாமல் கொடுக்கும்படியான சொல்லாக அது இருக்கட்டும். மீதரவுத் திரட்டல்.

---

எழுதியவர்: நிரலர், கோவில்பட்டி

புறத்திரட்டைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அண்ணன் சொன்னது மிகச் சரி.

ஆனாலும் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மொழிக்கோப்பில் 'ஹார்வெஸ்டர்' தனியாகவும் 'அக்ரிகேட்டர்' தனியாகவும் வருகின்றன. முன்னது ஒரு மூலத்திடம் போய்க் கேட்டு வாங்கும் நிரல். பின்னது பல மூலங்களிலிருந்து வந்தவற்றைச் சேர்த்து வைத்துத் தேடத் தரும் இடம். தமிழ்மணத்தைத் திரட்டி என்றது இந்த இரண்டாம் பொருளில். புறத்திரட்டும் அப்படித்தான், திரட்டி முடித்த நூலின் பெயர் அது. இரண்டுக்கும் திரட்டி என்றால் பிழைச்செய்தியில் 'திரட்டி திரட்டியோடு இணைய முடியவில்லை' என்று வரும். எடுப்பது செயல், திரட்டு அதன் பயன். இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே.

---

எழுதியவர்: கல்லூரி நூலகர், மதுரை

திரட்டல் என்றால் என் வகுப்பில் விளங்கும். முதல் ஆண்டு மட்டும் கையேட்டில் ஹார்வெஸ்டிங் என்பதையும் அருகிலே எழுதிக்கொள்கிறேன். எடுப்பு மட்டும் வேண்டாம். இடத்தைக் குறிக்கத் 'தொகுப்பகம்' என்று வைத்தால் சிக்கல் தீரும் அல்லவா?

---

எழுதியவர்: மொழியாக்க ஒருங்கிணைப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. இனியும் காத்திருக்க முடியாததால் இப்படி வைக்கிறேன்: மீதரவு, ஒற்றில்லாமல். மீதரவுத் திரட்டல். செய்யும் நிரல் திரட்டி. சேர்த்து வைக்கும் இடம் தொகுப்பகம். பட்டியல் நீளும்போது அடுத்த பகுதியைக் கேட்பதற்காக வரும் 'ரிசம்ப்ஷன் டோக்கன்' இன்னும் தமிழாகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தனிமடலில் 'தொடர்ச்சீட்டு' என்று வந்தது. மறுப்பு இருந்தால் காலை 10 மணிக்குள் சொல்லுங்கள்.

---

எழுதியவர்: தமிழாசிரியர், தஞ்சாவூர்

தொடர்ச்சீட்டு நன்று. திரட்டலுக்கு உடன்படுகிறேன், அறுவடை மீது எனக்குள்ள பற்று குறையாமலே. மீந்தரவை அடுத்த பதிப்பிலாவது கருதுங்கள்.

---

எழுதியவர்: நிரலர், கோவில்பட்டி

தொடர்ச்சீட்டுக்கு மறுப்பில்லை. திரட்டல் என்றே கோப்பில் மாற்றிவிட்டேன், சோதித்தும் பார்த்தேன். என் கருத்து மட்டும் மாறவில்லை. தொகுப்பகம் என்று திரையில் எழுதினாலும் புழக்கத்தில் எல்லாரும் அதைத் திரட்டி என்றுதான் சொல்லப் போகிறார்கள். அப்போது குழப்பம் வரும். எடுப்பு என்பதை அந்த வரிக்கு மேலே மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். அதை நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதுரை அம்மாவுக்கு: அந்தத் தனியார் நூலகத்துக்குப் புதிய சொல்லோடு மறுபடி ஒரு கடிதம் எழுதுவோமா? செய்வினையில் எழுதலாம். வரைவு நான் அனுப்புகிறேன்.