மறுமொழி: ‘ஒயின் பேரிங்’ என்பதற்குச் சுவைப்பொருத்தம், கூடவே தணல்வாட்டு, தேற்றி

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூருவில் நாங்கள் சிலர் சேர்ந்து தொகுத்துவரும் நனிசைவச் (‘வீகன்’, அதாவது பாலும் முட்டையும்கூடச் சேராத) சமையல் கையேட்டில், கரித்தணலில் செய்யும் எளிய காய்கறி உணவுகளையும் அவற்றோடு அருந்தத் தக்க சிவப்பு ஒயினையும் பற்றிய இயலுக்குக் கலைச்சொற்கள் வேண்டுமென்று இங்கே கேட்டிருந்தேன். ஒயினையும் உணவையும் ஒன்றுக்கொன்று ஏற்றதாகத் தேர்ந்தெடுக்கும் ‘பேரிங்’ என்பதற்கு இணையுணவு, சுவைக்கூட்டு, ஒத்திசைவு ஆகிய மூன்று சொற்களை நண்பர்கள் தந்திருக்கிறார்கள். மூன்றையும் எங்கள் சமையற்குறிப்புகளுக்குள் இட்டுப் படித்துப் பார்த்தபின், சுவைப்பொருத்தம் என்ற நான்காவது சொல்லை முன்வைக்கிறேன். அடுப்பில் நடப்பதையும் நாவில் நடப்பதையும் பார்க்காமல் இந்தச் சொல்லை முடிவுசெய்ய இயலாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> இணையுணவு என்றாலே போதும். ‘சைடு டிஷ்’ என்று மக்கள் சொல்வதும் அதைத்தானே?

ஐயா, மக்கள் ‘சைடு டிஷ்’ என்னும்போது குடிப்பது முதன்மை, கொறிப்பது கைக்குக் கிடைத்த ஏதோ ஒன்று. தொடுகறி என்னும்போது சோறு முதன்மை, மற்றது அதற்குத் துணை. நாம் பெயரிட வேண்டியதோ, உணவுக்காக ஒயினையும் ஒயினுக்காக உணவையும் தேர்ந்தெடுக்கும் செயலை. இணையுணவு ஒரு பொருளின் பெயராக நின்றுவிடுகிறது. செயலை அது சுட்டவில்லை. தவிரவும், தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் குழந்தைகளுக்குத் தரும் சத்துமாவை இணை உணவு என்று வழங்கிவருகிறார்கள். அந்தச் சொல்லை ஒயினுக்குக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. சுவைக்கூட்டு என்பதைப் பொறுத்தவரை, பூசணிக்காய்க் கூட்டு, கீரைக்கூட்டு என்று அன்றாடம் சமைக்கிறவர்கள் அதை ஓர் உணவின் பெயராகவே படிப்பார்கள். சமையல் நூலுக்குள் அந்தக் குழப்பம் வேண்டாம்.

> ஒத்திசைவு அழகான சொல். ஒயினும் உணவும் ஒன்றோடொன்று இசைந்து போவதுதானே நோக்கம்?

அம்மா, இந்தச் சொல்லைத்தான் நான் அதிக நேரம் எடுத்துச் சோதித்தேன். பாதி இடங்களில் இது மிகச் சரியாகவே அமைகிறது. குடைமிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பச்சை வாசனைக்குக் காரணமான பைரசின் வகைச் சேர்மம் கேபர்நே சொவின்யோன் திராட்சையிலும் இருக்கிறது. எனவே குடைமிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் கம்பியில் கோத்துத் தணலில் வாட்டி அந்த ஒயினோடு உண்டால், ஒரே வாசனை இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஷிராஸ் ஒயினுக்கும் மிளகுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. ஷிராஸில் மிளகு வாசனை வீசுகிறது என்று சுவைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் சேர்மத்தை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். மிளகின் மணத்துக்கும் அதுவே ஒரு காரணம். ஆகவே காய்கறிகளில் மிளகாய்த்தூளைக் குறைத்து, அப்போதே இடித்த மிளகைத் தடவி ஷிராஸோடு பரிமாறுவதை ஒத்திசைவு என்றால் யாரும் மறுக்கப் போவதில்லை.

ஆனால் கத்தரிக்காய்க்கு வரும்போது ஒத்திசைவு என்ற சொல் உதவாமல் போகிறது. சிவப்பு ஒயின் தயாரிக்கும்போது சாறு திராட்சையின் தோலோடும் விதையோடும் சேர்ந்தே நொதிக்கிறது. அவற்றிலுள்ள டானின் சாற்றில் இறங்குகிறது. அருந்தும்போது அந்த டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால், வாயின் வழவழப்புப் போய், நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கின்றன. கொட்டைப்பாக்கை மென்றவருக்கும் நாவற்பழம் தின்றவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பு இதுதான். எனவே டானினைத் துவர்ப்பி என்று எழுதலாம் என்பது என் கருத்து.

இறைச்சியோடும் பாலாடைக்கட்டியோடும் சிவப்பு ஒயினை அருந்துகிறவர்களுக்கு அந்தப் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணித்துவிடுகின்றன. நனிசைவ உணவில் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் இல்லை. வெறும் காயை வாட்டிக் கொடுத்தால் ஒயின் கரடுமுரடாகத் தெரியும். ஆகவே துவர்ப்பைத் தாங்கும் பொருளை நாம்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் குறிப்பு இப்படிப் போகிறது. பெரிய கத்தரிக்காயைக் கத்தியால் ஆங்காங்கே கீறி, கீறலில் பூண்டுப் பற்களைச் செருகி, நல்லெண்ணெய் தடவித் தணலுக்குமேல் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தோல் முழுக்கக் கருகிக் காய் தொய்ந்து, காம்பருகே அழுத்தினால் விரல் உள்ளே போகும் பதத்தில் எடுத்து, ஒரு பாத்திரத்தில் பத்து நிமிடம் மூடிவைத்தால் தோல் தானே கழன்றுவரும். சதையை மசித்து, வறுத்த வேர்க்கடலையை எண்ணெய் கசியும்வரை அரைத்த விழுது, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைய வேண்டும். வேர்க்கடலையின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை வாங்கிக்கொள்கின்றன. உப்பும் புளிப்பும் ஒயினை மென்மையாக்கிக் காட்டுகின்றன. பசவனகுடியில் கார்த்திகை மாதத்துக் கடலைக்காய்ப் பரிசே என்னும் கடலைச் சந்தையில் வாங்கிவந்த கடலையில் செய்தால் இதன் மணமே தனி.

இங்கே ஒயினும் உணவும் ஒன்றுபோல இல்லை. ஒன்றின் மிகையை மற்றது குறைக்கிறது. இதை ஒத்திசைவு என்பது சொல்லை இழுத்து நீட்டுவதாகும்.

பொருத்தம் என்ற சொல் இந்த இரண்டையும் தாங்கும். திருமணப் பொருத்தம் பார்க்கும் பெரியவர்கள் இருவருக்கும் ஒத்த குணங்களையும் பார்க்கிறார்கள், ஒருவரின் குறையை மற்றவர் நிறைப்பாரா என்றும் பார்க்கிறார்கள். மேலும் அதன் வேர் வினையாகவே உயிரோடு இருக்கிறது. ‘இந்த ஒயினுக்கு வாட்டிய காளான் பொருந்தும்’, ‘எந்த ஒயினைப் பொருத்தலாம்?’, ‘அன்னாசிக்குப் பொருந்தாது’ என்று எந்தத் தடையுமின்றி எழுத முடிகிறது. எங்கள் இயலில் ‘பொருந்தாது’ என்பதற்கும் வேலை நிறைய இருக்கிறது. வாட்டிய அன்னாசியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இனிப்பானவை. அவற்றை உண்டபின் இனிப்பில்லாத சிவப்பு ஒயினை அருந்தினால் புளிப்பும் துவர்ப்பும் மட்டுமே மிஞ்சும். உணவு இனித்தால் ஒயினும் அதற்குக் குறையாமல் இனிக்க வேண்டும். இங்கே கிறிஸ்துமஸுக்காகப் பல வீடுகளில் பெங்களூரு புளூ திராட்சையைச் சர்க்கரையோடு ஊறவைத்துச் செய்யும் இனிப்பு ஒயின் அந்த இடத்துக்குப் பொருந்தும். தெருவோரத்தில் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தரும் சோளக்கதிரும் சிக்கலானதுதான்: மிளகாயின் எரிச்சலை ஒயினிலுள்ள ஆல்கஹால் கூட்டிவிடுகிறது. மிளகாய்க்குப் பதில் மிளகும் கல்லுப்பும் தேய்த்தால் அதே சோளம் பொருந்திப்போகிறது. காளான் நடுவில் நிற்கிறது. உமாமி எனப்படும், இறைச்சிச் சாற்றை ஒத்த அதன் செறிந்த சுவை துவர்ப்பை எடுத்துக்காட்டிவிடும் என்பதால், துவர்ப்பு மிகுந்த ஒயினைத் தவிர்த்து, காளானில் எலுமிச்சையையும் உப்பையும் சற்றுத் தாராளமாகவே சேர்க்குமாறு எழுதியிருக்கிறோம்.

> ‘பார்பெக்யூ’வுக்குச் சுடல் போதாதா? சுட்டகறி என்று பழைய வழக்கும் இருக்கிறதே.

சுடல் என்றதும் சுடலை நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. சுட்டகறி என்பதில் கறி என்னும் சொல் இன்று தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இறைச்சியையே குறிப்பதால், நனிசைவ நூலுக்கு அது ஆகாது. நம் வீட்டுப் பேச்சைக் கவனித்தால், அப்பளத்தையும் கத்தரிக்காயையும் சுடுகிறோம், வாழையிலையை வாட்டுகிறோம். தீயில் நேராக இட்டுச் சமைப்பது சுடுதல், தீக்கு எட்டப் பிடித்து அதன் அனலால் பதப்படுத்துவது வாட்டுதல் என்ற வேறுபாடு பேச்சிலேயே இருக்கிறது. பார்பெக்யூவில் தீ அடங்கிக் கரியின்மேல் சாம்பல் பூத்த பிறகே காய்களை வைக்கிறோம். அந்த நிலைக்குத் தணல் என்ற சொல் இருக்கிறது. ஆகவே தணல்வாட்டு என்று பரிந்துரைக்கிறேன். தணல்வாட்டுக் குடைமிளகாய், தணலில் வாட்டு என்று பெயராகவும் வினையாகவும் வரும். ‘பார்பெக்யூ’ என்பதன் மூலமான ‘பார்பகோவா’, கரிபியத் தீவுகளின் தைனோ மக்கள் குச்சிகளால் கட்டிய உயர்ந்த தட்டியைக் குறித்தது. நம்முடைய பரண்தான் அது. அதைக்கொண்டு பரண்வாட்டு என்றும் யோசித்தேன். ஆனால் பரண் என்றால் இன்று வீட்டில் பழைய பாத்திரங்களை ஏற்றிவைக்கும் இடம் என்பதால் விட்டுவிட்டேன்.

காய்களைக் கோக்கும் கம்பிக்குக் காழ் என்ற சங்கச் சொல்லை மீட்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பொருநராற்றுப்படையில் ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ என்று வருகிறது. காழ் அங்கே இரும்புக் கம்பிதான். எனக்கும் அந்தச் சொல்மீது பெரிய ஆசை உண்டு. ஆனால் காழ் என்பதற்கு விதை என்ற பொருளும் இருக்கிறது. திராட்சை விதையின் துவர்ப்பைப் பற்றிப் பேசும் அதே பக்கத்தில் அது குழப்பும். ‘கம்பியில் கோத்து’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது, அது போதும்.

‘வீகன்’ என்பதற்கு நனிசைவம் ஏற்கெனவே வழக்கில் வந்துவிட்டதால் அதைப் பற்றி மேலும் விவாதிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். 1944இல் இங்கிலாந்தில் உருவான அந்தச் சொல், பாலையும் முட்டையையும்கூடத் தவிர்ப்பவர்களைச் சைவ உணவினரிடமிருந்து பிரித்துக் காட்டவே எழுந்தது. ‘நனி’ என்னும் அடை அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. எங்கள் குறிப்புகளிலும் இந்த வேறுபாடு முக்கியமானது. காய்களைத் தணலில் வைக்குமுன் தயிரில் புரட்டுவதே இங்கே உணவகங்களின் வழக்கம். அதற்குப் பதிலாகக் கெட்டித் தேங்காய்ப்பாலில் வறுத்த கடலைமாவையும் எலுமிச்சைச் சாற்றையும் குழைத்துப் பூசுமாறு எழுதியிருக்கிறோம்; கடலைமாவு காயைப் பற்றிக்கொண்டு நிற்கும், அதன் புரதம் துவர்ப்பையும் தணிக்கும்.

இன்னொரு சொல்லுக்கு உங்கள் இசைவை மிகவும் வேண்டுகிறேன். திராட்சையில் செய்த ஒயின் இயல்பாகவே நனிசைவம் என்று பலர் எண்ணுகிறார்கள். நொதித்த ஒயின் கலங்கலாக இருக்கும். அதைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கரு, பாலிலுள்ள கேசீன், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் போன்றவற்றைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அவை கலங்கலையும் மிகையான துவர்ப்பியையும் பற்றிக்கொண்டு அடியில் படிந்துவிடும். இவற்றுக்கு மாற்றாகப் பென்டோனைட் என்ற களிமண்ணையும், பட்டாணிப் புரதத்தையும் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. எதையும் சேர்க்காமல் காலம் கொடுத்துத் தானாகத் தெளியவிடுகிறவர்களும் உண்டு. புட்டியின்மேல் இந்த விவரம் எப்போதும் இருப்பதில்லை என்பதால், நனிசைவர் ஒயினைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு ஒரு சொல் வேண்டும்.

அதற்குத் தெளிவூக்கி, தெளிவிப்பான் என்றெல்லாம் கட்டாமல், தேற்றி என்று சொல்லலாம் என்று பரிந்துரைக்கிறேன். தேறு என்றால் தெளிதல், தேற்று என்றால் தெளியவைத்தல். கலங்கிய கிணற்று நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. ஒயினில் வெள்ளைக்கரு செய்யும் வேலையை நீரில் அந்தக் கொட்டை செய்தது. தெளிந்த மதுவுக்குச் சங்கப் புலவர்கள் இட்ட பெயரான தேறலும் அதே வேரிலிருந்து வந்தது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பேசுகிறது. அத்தகைய மது வந்த ரோமானிய மண்சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஒயினுக்கே தேறல் என்று பெயரிடும்படி நான் கேட்கவில்லை. ஒயின் என்பதே எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆனால் ‘இந்த ஒயினின் தேற்றி என்ன?’, ‘விலங்குவழித் தேற்றி சேராத ஒயின்’ என்று கடையில் நின்று தமிழில் கேட்க முடிந்தால், நனிசைவர் ஒருவருக்கு அது உண்மையாகவே பயன்படும்.

பரிமாறும் வெப்பநிலையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் அருந்த வேண்டும் என்பது குளிர்நாட்டு அறைகளை வைத்துச் சொன்னது. 15 முதல் 18 பாகை செல்சியஸ் போதும் என்பதால், பெங்களூருவிலும் கோடையில் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். நந்தி மலையடிவாரத் தோட்டங்களில் விளையும் கேபர்நேவுக்கும் ஷிராஸுக்கும் இதே அளவைத்தான் எழுதியிருக்கிறோம். ‘அறை வெப்பம்’ என்ற தொடரைக் கையேட்டில் எங்குமே பயன்படுத்தவில்லை.

இனி ஒரே ஒரு சொல் பாக்கி. தணலுக்குமேல் காய்களைப் பரப்பிவைக்கும் இரும்புக் கம்பிவலையை இங்கே எல்லோரும் ‘கிரில்’ என்கிறோம். ஆனால் ‘கிரில்’ என்றால் ஜன்னல் கம்பியும் அதுவே. சோளமும் மரவள்ளிக் கிழங்கும் வாட்டுவதற்கு இப்படியொரு வலையையோ தட்டையோ பயன்படுத்தும் ஊர்க்காரர்கள் இந்தக் குழுமத்தில் இருந்தால், உங்கள் பக்கத்தில் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று அருள்கூர்ந்து எழுதுங்கள்.