"வென், லூசியஸ், வென்?" புரூட்டஸ் எதைக் கேட்கிறான்?

மாலைவகுப்பு:
சாயங்காலம் வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகம், இரண்டாம் அங்கம் முதல் காட்சி. விடிவதற்கு வெகுநேரம் முன்பே தோட்டத்தில் நின்றுகொண்டு, தூங்கும் வேலைக்காரப் பையனை எழுப்புகிறான் புரூட்டஸ். "வென், லூசியஸ், வென்?" யோசிக்காமல் "எப்போது லூசியஸ், எப்போது?" என்று சொல்லிவிட்டேன். "எது எப்போ மிஸ்?" என்றான் ஒருத்தன். முழித்தேன்.

அவனே அடுத்ததையும் கேட்டான். "வென் வில் யூ கம்" கேள்வி, சரி. "வென் ஐ கேம்" கேள்வியே இல்லையே, அங்கே எதற்கு அதே சொல்?

ஏட்டுப்பூச்சி:
அங்கே அவன் நேரம் கேட்கவில்லை, பொறுமை இழந்துவிட்டான். "எப்படா எந்திரிப்பே?" என்று அம்மா கத்தும்போது மணியா கேட்கிறாள்? அந்தக் காலத்து ஆங்கிலத்தில் "வென்!" என்று தனியாகச் சொன்னாலே அதட்டல்தான். இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்திலும் சொன்ன பேச்சைக் கேட்காத மகனிடம் கிழவர் கான்ட் "வென், ஹாரி, வென்?" என்கிறார்.

இரண்டாவது கேள்வி இன்னும் ருசியானது. 1066இல் பிரான்ஸிலிருந்து நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிக்க வருவதற்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் "ஹ்வொன்னெ". பெரும்பாலும் கேள்விக்குத்தான் வரும். "நான் வந்தபோது" என்று சொல்ல "தா", "தொன்னெ" என்று வேறு சொற்கள் இருந்தன. நாமும் "வந்தபோது" என்கிறோம், அதில் "எ" எட்டிப் பார்ப்பதில்லையே! அப்புறம்தான் கேள்விச் சொல் மெல்ல அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசரின் கான்டர்பரி கதைகள் "வான் தட்" என்று தொடங்குகிறது. வெறும் "வென்" போதாது, பின்னால் ஒரு "தட்" முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. இடம் பறிபோன "தொன்னெ"தான் இன்றைய "தென்". "பிக்கர் தான்" என்று ஒப்பிடும்போது வரும் ஆங்கிலத் "தான்" கூட அதே சொல்தான், எழுத்து மட்டும் பிரிந்துபோனது.

திண்ணை:
எங்கள் பெரியம்மா 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளைத்தான் படிப்பார். 56ஆம் சங்கீதத்தில் "வாட் டைம் ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று வரும். மணி கேட்கிறது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். "நான் பயப்படுகிற நாளில்" என்று தமிழில் பார்த்தபிறகுதான் புரிந்தது.

ஒரு சந்தேகம். வென்-தென், வேர்-தேர் எல்லாம் நம்ம எப்போது-அப்போது, எங்கே-அங்கே மாதிரியே இருக்கிறதே. இங்கிருந்து போனதா?

ஏட்டுப்பூச்சி:
அந்த ஆசை எல்லோருக்கும் வரும். இல்லை. லத்தீன் "குவாண்டோ", சமஸ்கிருத "கதா", இந்தி "கப்" இவற்றின் சொந்தம் அது. அந்த முதல் "க"தான் ஜெர்மானிய மொழிகளில் "ஹ" ஆனது. பிறகு எழுத்தர்கள் ஹெச்சையும் டபிள்யூவையும் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் இன்றும் சிலர் "ஹ்வென்" என்றே சொல்கிறார்கள், காது கொடுத்தால் கேட்கும்.

அதே இரண்டு எழுத்தில் தொடங்கினாலும் "வைல்" மட்டும் இந்தக் கேள்விச் சொற்களின் கூட்டத்தில் சேராது. அது "கொஞ்ச நேரம்" என்ற பொருளில் இருந்த பெயர்ச்சொல்.

மாலைவகுப்பு:
நன்றி. இன்றைக்கு வகுப்பில் மாற்றிச் சொன்னேன்: "டேய் லூசியஸ், எழுந்திரிக்கிறியா இல்லையா?" கேள்வி கேட்டவன், "இப்பதான் மிஸ் புரூட்டஸ் எங்க அப்பா மாதிரி இருக்கான்" என்றான்.