40,000 ரூபாயில் முதல் கேமரா: பழைய டிஎஸ்எல்ஆரா, புது மிரர்லெஸ்ஸா?

செம்பூர்த் தம்பி:
முதல் கேமரா வாங்கணும். பட்ஜெட் 40,000. வீட்டு விசேஷமும் எடுக்கணும், நவி மும்பை நெருல் டிபிஎஸ் ஏரியில பூநாரையும் எடுக்கணும். ஃபோர்ட் போரா பஜார் கடையில புது கேனான் 1500டி டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வெச்ச கேமரா), 18-55 கிட் லென்ஸ் (கேமராவோட சேர்த்து வர்ற லென்ஸ்), பை, ட்ரைபாட் எல்லாம் சேர்த்துத் தர்றேங்கிறாங்க. வாங்கலாமா?

மாட்டுங்கா மாமா:
வேண்டாம் தம்பி. பையும் ட்ரைபாடும் கண்ணுல காட்டுற மிட்டாய். 1500டி மோசமில்ல, ஆனா அந்த 18-55 லென்ஸ் 55 எம்எம்ல எஃப்5.6-தான் திறக்கும் (எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும்). கல்யாண ஹால் வெளிச்சத்துல ஐஎஸ்ஓ-வை (சென்சாரோட வெளிச்ச உணர்வு) 6400-க்கு ஏத்தினா படம் பொரிபொரியா வரும். 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ் போட்டா கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், அதே இடத்துல ஐஎஸ்ஓ 640 போதும். பழைய கேனான் 200டி பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), 50 எஃப்1.8 எஸ்டிஎம், 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸ்கள், இதை வாங்கு. காசை லென்ஸ்ல போடு, பாடியில மிச்சம் பிடி.

தானே கண்ணாடியில்லாதவன்:
மாமா, 2020-க்கு அப்புறம் கேனானும் நிக்கானும் ஒரு புது டிஎஸ்எல்ஆர் மாடல்கூட விடல. செத்துப்போன மவுண்ட்ல (லென்ஸ் மாட்டுற வாய்) புதுப் பையனை ஏத்திவிடுறீங்க. 200டி வியூஃபைண்டர்ல ஒன்பதே ஃபோகஸ் புள்ளி, அதுலயும் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ் டைப் (குறுக்கும் நெடுக்கும் பார்த்து நல்லாப் பிடிக்கிறது). ஓடுற குழந்தையை ஓரத்துல வெச்சு எடுக்கச் சொல்லுங்க பார்ப்போம். கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ல ஃபோகஸ் ஆளோட கண்ணைத் தேடிப் பிடிக்கும். எக்ஸ்போஷர் தப்பினா எடுக்கும் முன்னாடியே திரையில தெரியும். கத்துக்குறவனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் யாரு?

மாட்டுங்கா மாமா:
200டி-யை லைவ் வியூல (பின்திரையைப் பார்த்து எடுக்கிறது) போட்டா டூயல் பிக்சல் ஃபோகஸ் இருக்கு, முகத்தைப் பிடிக்கும். அந்தக் காசுக்குள்ள வர்ற மிரர்லெஸ் எதுன்னு சொல்லுங்க. கேனான் ஆர்100-னா திரை திரும்பாது, தொட்டா வேலை செய்யாது. கூட வர்ற 18-45 லென்ஸ் எஃப்4.5-ல தொடங்கி 6.3-ல முடியும், அந்த 18-55-ஐவிட இன்னும் இருட்டு. பூநாரைக்கு அந்த 45 எம்எம்மை வெச்சு என்ன பண்றது, கரையையா எடுக்கிறது? 55-250-ன்னா 1.6 கிராப்ல (சின்ன சென்சார் கணக்கு) 400 எம்எம் பார்வை. மவுண்ட் செத்தாலும் லென்ஸ் சாகாது. நாளைக்கு கேனானோட மிரர்லெஸ் ஆர் பாடி வாங்கினா அடாப்டர் போட்டு இதே லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோட ஓடும்.

தானே கண்ணாடியில்லாதவன்:
அடாப்டர் இலவசமா? அதோட பம்பாய் மழைக்காலம் பார்த்த பழைய லென்ஸ்ல பூஞ்சை இல்லாம கிடைக்கிறதே அதிர்ஷ்டம். அதைப் பத்தி மூச்சே விடலையே.

கல்யாண் ஃபாஸ்ட்:
சண்டையை நிறுத்துங்க, பழசு வாங்குறவன் கடையில என்ன பார்க்கணும்னு யாருமே சொல்லல.

லென்ஸைக் கழற்றி, பின்பக்கமா மொபைல் டார்ச் அடிச்சு முன்பக்கமா சாய்ச்சுப் பாருங்க. தூசி நாலு இருந்தா கவலையில்ல. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுப் போனா பூஞ்சை, அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க. துடைச்சுக் கொடுத்தாலும் கோட்டிங்ல தழும்பு நிக்கும், வெளிச்சத்துக்கு எதிரா எடுத்தா படம் வெளுத்துப் போகும்.

சென்சாருக்கு: எஃப்16 வெச்சு, ஃபோகஸ் கலைச்சு, வெள்ளைச் சுவரை எடுத்து முழுசா ஜூம் பண்ணுங்க. சாம்பல் புள்ளிகள் தூசி, ஊதுபந்துல பெரும்பாலும் போயிடும். மூடியைப் போட்டு 10 விநாடி எக்ஸ்போஷர் ஒண்ணு. சிவப்பு, நீலப் புள்ளிகள் ஏராளமா தெரிஞ்சா வேற பாடி கேளுங்க.

ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கு): நிக்கான்ல ஜேபெக்கோட எக்ஸிஃப்லயே (படத்துக்குள்ள இருக்கிற விவரம்) கிடைக்கும். கேனான் ஜேபெக்ல எழுதாது, கேபிள் மாட்டி மென்பொருள்லதான் படிக்கணும். அதனால "பத்தாயிரம்தான் ஓடியிருக்கு"ன்னு வாயால சொன்னா நம்பாதீங்க.

முக்கியமா ஃபோகஸ். அடிஸ்கேலை 45 டிகிரி சாய்ச்சு வெச்சு, எஃப்1.8-ல நடுக்கோட்டுக்கு வியூஃபைண்டர் வழியா ஒண்ணு, லைவ் வியூல ஒண்ணு எடுங்க. முதல் படத்துல வேற கோடு கூர்மையா இருந்தா பாடியும் லென்ஸும் ஒத்துப்போகல. 200டி-ல அதை மெனுவுல திருத்த வழியே கிடையாது.

தானே கண்ணாடியில்லாதவன்:
இந்த முன்ஃபோகஸ், பின்ஃபோகஸ் தலைவலியே மிரர்லெஸ்ல இல்ல. சென்சாரே ஃபோகஸ் பார்க்குது. என் வாதம் அதேதான்.

செம்பூர்த் தம்பி:
நிக்கான் டி3500 மலிவா கிடைக்குதாம். அது?

கல்யாண் ஃபாஸ்ட்:
ஒரு சார்ஜுக்கு 1550 படம்னு நிக்கானே சொல்ற பேட்டரி, அருமையான பாடி. ஆனா உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி 50 எஃப்1.8 லென்ஸ் மலிவா இருக்கேன்னு வாங்கினா கையாலதான் திருகணும். லென்ஸ்ல ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி எழுத்து இருக்கான்னு பாருங்க.

மாட்டுங்கா மாமா:
தம்பி, 200டி மார்க் 2-ன்னு கடைக்காரர் தள்ளிவிட்டா ஒரு விஷயம் கவனிச்சுக்கோ. அதோட ஹாட்ஷூவுல (மேலே ஃபிளாஷ் மாட்டுற இடம்) நடு முனை இல்ல, வேற கம்பெனியோட மலிவு ஃபிளாஷ் ட்ரிக்கர் பலதும் வேலை செய்யாது. எதை வாங்கினாலும் தோல் பைக்குள்ள பூட்டி வைக்காதே. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துல நிறுத்து.

கல்யாண் ஃபாஸ்ட்:
ஜெல் நிறம் மாறினா சூடாக்கி ஈரத்தை விரட்டிட்டு மறுபடி போடலாம். அரிசி டப்பாவுல மட்டும் வெச்சுடாதீங்க, மாவும் தூசியும்தான் ஏறும்.