இடுப்பை மடக்கினால் தசை எலும்புக்குள் புகுந்துவிடுகிறது: பிளெண்டர் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. பாளையங்கோட்டையில் பிசியோதெரபி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இடுப்புத் தசைகளின் முப்பரிமாண மாடல் ஒன்றை பிளெண்டர் 4.2 என்ற 3டி மென்பொருளில் பொங்கலுக்கு அப்புறம் தொடங்கினேன். ஒரே இடத்தில் மாட்டி நிற்கிறது.

நேராக நிற்கும் நிலையில் எல்லாம் சரி. தொடையை 60 டிகிரிக்கு மேல் மடக்கினால் குளூட்டியஸ் மீடியஸ் என்ற இடுப்பின் பக்கவாட்டுத் தசையின் முன்பக்க இழைகள் கிரேட்டர் ட்ரோகான்டருக்குள் (தொடை எலும்பின் மேல்பகுதியில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் இடம்) புகுந்துவிடுகின்றன. எலும்பின் முனை தசையைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிகிறது. அடியில் இருக்கும் சிறிய தசையான குளூட்டியஸ் மினிமஸும் அதோடு ஒட்டி ஒரே தசைபோல் ஆகிவிடுகிறது.

எலும்பும் தசையும் ஜப்பானின் பாடிபார்ட்ஸ் 3டி தொகுப்பிலிருந்து எடுத்தவை. சுழல் மையம் தொடை எலும்புத் தலையின் நடுவில்தான் இருக்கிறது. எலும்பு அசைந்தால் தசையின் எந்தப் பகுதி எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் குறிக்கும் வெயிட்டை பிளெண்டரே தானாகப் போட்டது சரிவராமல், கையாலேயே வெயிட் பெயின்ட் செய்தேன். மடங்கும்போது பருமன் குறையாமல் காக்கும் பிரிசர்வ் வால்யூம் போட்டால் தசை உப்புகிறது. ஒரு பரப்பின் மேல் இன்னொன்றைப் படியவைக்கும் ஷ்ரிங்க்ராப் போட்டால் எலும்புக்கு வெளியே வருகிறது, ஆனால் விசிறியாக விரிந்த இழைகள் தட்டையாகிவிடுகின்றன. மடங்கிய இடத்தைச் சீராக்கும் கரெக்டிவ் ஸ்மூத் கொஞ்சம் தேவலை. ஆனால் ட்ரோகான்டரில் ஒட்டும் இடம் நகர்கிறது, அது நகரவே கூடாது. தசையைத் துணிபோல் அசையவிட்டுக் கணக்கிடும் கிளாத் சிமுலேஷனுக்கு என் 8 ஜிபி லேப்டாப் தாங்கவில்லை.

ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சாயாமல் பிடிப்பது முக்கியமாக இந்தத் தசைகள்தான். இழை ஓடும் திசை தப்பினால் பாடமே தப்பிவிடும். ஆனித் தேரோட்டம் முடிந்த வாரம் வகுப்பில் காட்ட வேண்டும்.

தசையின் இரு முனைகளும் நகராமல், நடுப்பகுதி மட்டும் எலும்பின்மேல் வழுக்கிப் போகும்படி பிளெண்டரில் எப்படி அமைப்பது?