கன்சாஸ் பழுப்பா, கறுப்பு வெள்ளையா?

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
அமெரிக்காவின் கன்சாஸ் பண்ணையில் வளரும் டோரத்தி என்ற சிறுமியைச் சூறாவளி ஆஸ் என்ற மாய ஊருக்குத் தூக்கிப்போகிற ஹாலிவுட் படம் 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்'. மிகக் கூர்மையாகப் படம் தரும் அதன் 4கே டிஸ்க்கைப் பற்றி நேற்று செங்கோட்டைச் சாரல் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. அவர் எழுதியது இது: "படத்தின் தொடக்கம், அந்தக் கன்சாஸ் பண்ணை வீடு எல்லாம் கறுப்பு வெள்ளை. புதுப் பெட்டி விற்க வேண்டும் என்பதற்காகப் பழுப்புச் சாயம் பூசிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்."

அண்ணாச்சி, இதை உங்களுக்கு யார் சொன்னது? 1939 ஆகஸ்டில் படம் வெளிவந்தபோதே கன்சாஸ் பழுப்புதான். செபியா. 1949-இல் மறுபடி தியேட்டருக்கு விட்டபோதுதான் அந்தப் பகுதியைக் கறுப்பு வெள்ளையாகப் பிரிண்ட் போட்டார்கள். 1956-இல் அமெரிக்க டிவிக்குப் போனபோதும் அப்படியே போனது. 1989-இல் வந்த ஐம்பதாம் ஆண்டுக் கேசட்டில் பழுப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பூசவில்லை, இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொழிஞ்சாம்பாறையில் பதினொரு வருஷம் கேசட் கடை நடத்தியவன் சொல்கிறேன்.

செங்கோட்டைச் சாரல்:
கடை நடத்தினால் எல்லாம் தெரிந்துவிடுமா கடைக்காரரே? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 1986-இல் என் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட். வீட்டில் இருபது பேர் உட்கார்ந்து பார்த்தோம். கன்சாஸ் கறுப்பு வெள்ளை. கதவைத் திறந்ததும் கலர். என் அத்தை "ஏட்டி, டிவிக்கு உயிர் வந்துட்டு" என்று கத்தினாள். அந்த நிமிஷம்தான் எனக்கு இந்தப் படம். இப்போது 4கே போட்டால் முதலிலேயே பழுப்பு. பழுப்பிலிருந்து கலருக்குப் போவதில் என்ன அதிர்ச்சி இருக்கிறது?

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
1986-இல் பார்த்தீர்கள். 1989-க்கு முந்திய கேசட். அதில் கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். அதைத்தானே நானும் சொல்கிறேன்! 1980-இல் வந்த முதல் கேசட்டும் அப்படித்தான். அந்தக் கேசட்டுகள் பழுப்பை விட்டுவிட்ட 1949 பிரிண்டின் பிள்ளைகள். படம் பிறந்தது 1939-இல், உங்கள் மாமா வீட்டில் அல்ல.

நகரித் தறி:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. ஒரிஜினல் என்று எதைச் சொல்கிறீர்கள்? கேமராவுக்குள் ஓடிய சுருளையா, 1939-இல் திரையில் விழுந்ததையா? கன்சாஸ் காட்சிகளை எடுத்தது கறுப்பு வெள்ளைச் சுருளில்தான். பிறகு லேபில் பழுப்பு ஏற்றினார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் உண்மை. எது ஒரிஜினல் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

செங்கோட்டைச் சாரல்:
பார்த்தீர்களா, நகரிக்காரரே சொல்லிவிட்டார். எடுத்தது கறுப்பு வெள்ளை! அந்தப் பகுதியை எடுத்த டைரக்டர் கிங் விடார் கேமரா வழியாகப் பார்த்தது கறுப்பு வெள்ளைக்காக.

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
அவர் சொன்னதில் பாதியைத்தான் படித்தீர்கள். "பிறகு லேபில் பழுப்பு ஏற்றினார்கள்" என்ற பாதி கண்ணில் படவில்லையா? ஏற்றியது 1939-இல். படம் எடுத்தவர்களே ஏற்றியது.

சரி, ஆதாரம் தருகிறேன். டோரத்தி உள்ளேயிருந்து கதவைத் திறக்கிற ஷாட். அது கறுப்பு வெள்ளைச் சுருளே இல்லை, முழுக்க டெக்னிகலர், அதாவது கலரில் எடுத்தது. வெளியே ஆஸில் மஞ்ச்கின் என்ற குள்ளர்களின் ஊர் கலரில் தெரிய வேண்டும், உள்ளே வீடு நிறமில்லாமல் இருக்க வேண்டும், அதுவும் ஒரே ஷாட்டில். அதற்காக என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டின் உட்சுவர், கதவு எல்லாவற்றுக்கும் பழுப்புப் பெயின்ட் அடித்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு கதவைத் திறப்பது டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டே இல்லை, பழுப்பு உடை போட்ட இன்னொரு பெண். அவள் நகர்ந்ததும் நீலக் கட்டம் போட்ட உடையில் ஜூடி உள்ளே வருகிறார். கன்சாஸ் கறுப்பு வெள்ளையாக இருந்திருந்தால் சுவருக்குச் சாம்பல் பெயின்ட் அல்லவா அடித்திருப்பார்கள்? பழுப்பு எதற்கு? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மக்கா:
அண்ணே, அந்த ஷாட்டை நான் நூறு தடவை பார்த்திருக்கேன். ஆள் மாறினது இதுவரைக்கும் தெரியல.

செங்கோட்டைச் சாரல்:
என் கேசட்டில் கதவுக்கிட்ட வரும்போது படம் திடீரென்று பழுப்பாகும். டேப் அந்த இடத்தில் தேய்ந்துபோயிருக்கிறது என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அவ்வளவுதான். அதை வைத்து மொத்தக் கன்சாஸையும் பழுப்பாக்குவீர்களா?

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
உங்கள் வாயாலேயே வந்துவிட்டது! தேய்மானம் இல்லை அண்ணாச்சி, அதுதான் டெக்னிகலர் ஷாட். அந்த ஓர் இடத்தில் மட்டும் யாராலும் பழுப்பை எடுக்க முடியவில்லை, ஏனென்றால் பழுப்பு இருந்தது சுவரில். மற்ற இடங்களில் பிரிண்ட் போடும்போது விட்டுவிட்டார்கள்.

செங்கோட்டைச் சாரல்:
தேய்மானம்தான். என் கேசட்டை எனக்குத் தெரியாதா?

அதோடு இந்தப் படத்துக்கு மூலமான புத்தகத்தைப் படியுங்கள். பிராங்க் பாம் 1900-இல் எழுதிய முதல் அத்தியாயத்தில் கன்சாஸ் முழுக்கச் சாம்பல். புல் சாம்பல், வீடு சாம்பல், டோரத்தியின் அத்தை 'எம்', அவள் கண்ணும் கன்னமும் சாம்பல். பழுப்பு என்று எங்கே எழுதியிருக்கிறார்?

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
அதே புத்தகத்தில் டோரத்தியின் செருப்பு வெள்ளி. படத்தில் சிவப்பு. டெக்னிகலரில் எடுப்பாகத் தெரியட்டும் என்று மாற்றியது. அப்படியானால் சிவப்புச் செருப்பும் டிஸ்க் போடுகிறவர்கள் பூசியதா? புத்தகம் வேறு, படம் வேறு.

நகரித் தறி:
ஒரு சின்ன விளக்கம், எங்கள் தொழில் என்பதால். சாயம் ஏற்றுவதில் இரண்டு வகை உண்டு. பிலிமின் பரப்பு முழுவதையும் நிறமாக்குவது ஒன்று. அதில் வெள்ளையான இடமும் நிறமாகிவிடும். படத்தின் கருமையை மட்டும் பழுப்பாக மாற்றுவது இன்னொன்று. அதில் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். செபியா இரண்டாவது வகை. நூலுக்குச் சாயம் போடுவதற்கும் நெய்த துணிக்குச் சாயம் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. 4கே-யில் வானத்தைப் பாருங்கள், மேகம் வெளுப்பாகவே இருக்கிறதா என்று. அது சரியாக இருந்தால் வேலை தெரிந்தவர்கள் செய்தது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. கன்சாஸில் வரும் அந்தச் சூறாவளி துணி. படத்தின் தந்திரக் காட்சிகளைச் செய்த ஆர்னல்ட் கில்லெஸ்பி 35 அடி நீளத்துக்கு மஸ்லின் துணியைப் புனல் மாதிரி செய்து சுழலவிட்டார். தறிக்காரனுக்கு அதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது.

செங்கோட்டைச் சாரல்:
துணியெல்லாம் இருக்கட்டும். 1949 முதல் 1989 வரை நாற்பது வருஷம் உலகம் பார்த்தது கறுப்பு வெள்ளைக் கன்சாஸ். பழுப்பை முதலில் பார்த்தவர்கள் பத்து வருஷக் கூட்டம். எது பெரிது?

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
தப்பு நாற்பது வருஷம் நடந்தால் சரியாகிவிடுமா?

புனலூர் பாசஞ்சர்:
2005-இல் வந்த மூன்று டிஸ்க் கலெக்டர்ஸ் எடிஷன் டிவிடி என்னிடம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது. உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து டிவிடிக்குப் போடும் பூட்டுதான் ரீஜன். இது ரீஜன் 1. நம் ஊர் பிளேயர் ரீஜன் 5. டிரேயில் வைத்தால் "டிஸ்க் எரர்" என்று சொல்லித் திருப்பித் துப்பும். பழுப்பா கறுப்பா என்று பார்க்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. பிளேயரை ரீஜன் மாற்றித் தந்த கடைக்காரர் படத்தின் விலைக்கு மேல் வாங்கிவிட்டார். பழுப்புதான். 4கே டிஸ்க்கில் இந்த ரீஜன் பூட்டே இல்லை என்பதற்காகவே அதை வாங்கலாம்.

மார்த்தாண்டம் மக்கா:
என்னிடம் இருந்த கேசட்டில் ஆஸ் ஊரும் சேர்த்து முழுப்படமும் கறுப்பு வெள்ளை. மஞ்சள் செங்கல் ரோடு சாம்பலா இருந்தது. சாரல் அண்ணாச்சி கேசட்டும் அப்படியோ?

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
அமெரிக்கக் கேசட்டா? அது என்டிஎஸ்சி. நம் டிவி பால் (PAL). இரண்டும் படத்தையும் நிறத்தையும் டிவிக்கு அனுப்பும் வெவ்வேறு முறைகள். என்டிஎஸ்சி நிறத்தைப் பிரிக்கத் தெரியாத பழைய செட்டில் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும், சில செட்டில் படம் மேலே உருளும். கடைக்கு வாரம் ஒருவராவது "கேசட் கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். துபாய் கேசட் பால், அதில் கலர் வரும். ஆனால் வினாடிக்கு 24 பிரேம் எடுத்ததை 25-ஆக ஓட்டுவதால் 102 நிமிடப் படம் 98 நிமிடத்தில் முடிந்துவிடும், ஜூடியின் குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். சாரல் அண்ணாச்சி கேட்டது ஜூடியின் குரல்கூட இல்லை.

செங்கோட்டைச் சாரல்:
இப்போது குரலுக்கும் வந்துவிட்டாரா? போன வருஷம் "ஐம்பதாம் ஆண்டுக் கேசட், புத்தம்புதுசு" என்று சொல்லி எனக்கு 900 ரூபாய்க்கு அனுப்பினீர்களே, அதைப் பற்றியும் பேசலாமா? ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரீலின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொட்டு, ஈர இட்லித் துணியில் பூத்த மாதிரி. விசிஆரில் போட்டேன், ஹெட் அடைத்துக்கொண்டது.

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
பார்சல் போட்டது இடவப்பாதி மழை கொட்டுகிற நேரம். "மழை முடியட்டும், அப்புறம் அனுப்புகிறேன்" என்றேன். "இல்லை, இப்போதே வேண்டும்" என்று தினமும் போன் செய்தது யார்? வந்த பெட்டியைப் பத்து நாள் பிரிக்காமல் வைத்தது யார்? என் வீட்டு அலமாரியில் அரிசிப் பொட்டலம் போட்டு வைத்திருந்த கேசட்டில் ஒரு பொட்டு கிடையாது.

செங்கோட்டைச் சாரல்:
நாலு நாள். பத்து நாள் இல்லை.

மார்த்தாண்டம் மக்கா:
சண்டையை விடுங்க. 2013-இல் எழுபத்தைந்தாம் ஆண்டுக்கு 3டி-யில் விட்டார்களே, அதைப் பற்றி யாரும் பேசலையே. அது கம்ப்யூட்டரில் மாற்றின 3டி. நம்ம 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-லேயே 3டி கேமராவில் எடுத்தது, இந்தியாவின் முதல் 3டி படம். ஜிஜோ டைரக்ஷன், அசோக்குமார் கேமரா, இளையராஜா இசை. குழந்தைகள் சுவரில் நடந்து கூரைக்குப் போகிற பாட்டுக்கு அறையையே சுழலவிட்டார்கள். அதற்கு ஒரு நல்ல பெட்டி, பழைய கண்ணாடி, ஒரு புத்தகம் என்று போட்டால் நான் முதல் ஆளா வாங்குவேன். ஆஸுக்கு 2009-இல் கைக்கடிகாரம் எல்லாம் வைத்துப் பெட்டி போட்டார்கள். நம்ம படத்தை யார் அப்படிப் பார்க்கிறார்கள்?

புனலூர் பாசஞ்சர்:
மக்கா, நூற்றில் ஒரு வார்த்தை. ஆனால் அந்தப் படத்துக்கும் பிறகு புதுக் காட்சிகள் சேர்த்து மறுபடி விட்டார்கள். எந்தப் பதிப்பைப் பெட்டியில் போடுவது? 1984-இல் பார்த்ததுதான் எனக்கு வேண்டும்.

செங்கோட்டைச் சாரல்:
அதேதான் நான் சொல்வது! பார்த்ததுதான் வேண்டும். எனக்கு 1986-இல் பார்த்தது வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
அவர் கேட்பது படம் முதலில் வெளிவந்த வடிவம். நீங்கள் கேட்பது நடுவில் கைதவறிய வடிவம். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

சாரல் அண்ணாச்சி, எங்கள் பக்கம் மே மாதம் வந்து பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் பனைமரம், வரப்பு, ஓட்டுக்கூரை எல்லாம் ஒரே தூசி நிறம். காய்ந்த ஊரின் நிறம் அது. டோரத்தியின் எம் அத்தை முற்றத்தில் கோழிக்குஞ்சு எண்ணும்போது அந்தத் தூசியை நான் 4கே-யில் பார்த்தேன். டோரத்தி வானவில்லுக்கு அப்பால் ஓர் ஊர் இருக்கிறது என்று பாடுவது இந்தத் தூசியில் நின்றுகொண்டுதான். கறுப்பு வெள்ளையில் அது பழைய படம் மாதிரி தெரியும். பழுப்பில் அது ஒரு வறண்ட ஊர். அதற்காகத்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

இன்னோர் ஆதாரமும் இருக்கிறது. சூனியக்காரியின் பளிங்கு உருண்டைக்குள் எம் அத்தை தெரிகிறாளே, அதுவும் செபியா. சுற்றிலும் கலர், நடுவில் கன்சாஸ் மட்டும் பழுப்பு.

செங்கோட்டைச் சாரல்:
என் கேசட்டில் அது தேய்மானம்.

நகரித் தறி:
ஒரிஜினல் என்றால் என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
தேய்மானம் ஒரே கேசட்டில் இரண்டு இடத்தில், அதுவும் சரியாகப் பழுப்பு இருக்க வேண்டிய இரண்டு இடத்தில் மட்டும் வருமா? இருபதாவது நிமிடத்தை ஒட்டி நிறுத்துங்கள். கதவின் இடதுபக்கச் சுவரைப் பாருங்கள். பெயின்ட். பழுப்புப் பெயின்ட்.

செங்கோட்டைச் சாரல்:
நிறுத்த என் விசிஆர் ஓடினால்தானே. ஹெட் அடைத்தது யாருடைய கேசட்டால்? முதலில் அந்த 900 ரூபாய்க்குப் பதில் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வீடியோ:
முதலில் சுவருக்குப் பதில் சொல்லுங்கள்.