புதுப்பிப்பு: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ரிமோட் டெஸ்க்டாப் கிடைத்துவிட்டது

ரிமோட் டெஸ்க்டாப்புக்காக (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்து இயக்கும் வசதி) ரவுட்டரில் அது பயன்படுத்தும் 3389 போர்ட்டைத் திறந்தும் ஆபீஸிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போக முடியவில்லை என்று கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை வந்தால், நெட் கம்பெனி ஒரே பப்ளிக் ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து வரும் இணைப்பு நம் ரவுட்டர் வரை வந்து சேர்வதே இல்லை; எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை.

அதனால் இரண்டு கம்ப்யூட்டரிலும் டெயில்ஸ்கேல் (கம்ப்யூட்டர்களைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் விபிஎன் செயலி) போட்டு, அது கொடுத்த ஐபியை ரிமோட் டெஸ்க்டாப்பில் அடித்தேன். உடனே வீட்டுத் திரை வந்துவிட்டது! ரவுட்டரில் போட்ட போர்ட் விதியை அழித்துவிட்டேன். பப்ளிக் ஐபி இருப்பவர்களும் தயவுசெய்து 3389-ஐ நேராகத் திறக்காதீர்கள். 2019-இல் வெளிவந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்பு ஓட்டை வழியே உள்ளே நுழையப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பில் அதற்குள் போக முடியாது, ப்ரோ வேண்டும். கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் இணைப்பு கிடைக்காது, அதனால் ஸ்லீப்பையும் அணைத்து வையுங்கள்.